கழுவாத குடல்

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. அங்கிருந்து யாராவது கூப்பிட்டால் ஒன்று பென்ஷன் விவகாரமாக இருக்கும், இல்லையென்றால் கூட வேலை பார்த்த யாராவது காலமாகியிருப்பார்கள். இந்த முறை இரண்டும் இல்லை. என் இடத்துக்கு வந்திருக்கிற உதவிப் பேராசிரியை பேசினார். பழைய ஆய்வுக்கூடத்தை இடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறை கட்டப் போகிறார்களாம். "உங்க பேர் எழுதின மரப்பெட்டி ஒண்ணு பீரோ மேல இருக்கு சார். தூக்கிப் போடச் சொல்றாங்க, எனக்கு மனசு வரல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்களேன்" என்றார்.

போனேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததும் என் இரண்டு கைகளும் தாமாகவே மடியில் எதையோ அணைத்துப் பிடிக்கிற மாதிரிக் கூடின. மடியில் ஒன்றும் இல்லை. நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் போய்ச் சேர்ந்தேன்.

பெட்டியைத் திறந்தால் மேலாக அந்தப் பிளாஸ்க் இருந்தது. சிவப்பு மூடி, அகலமான வாய். அதன் கீழே கண்ணாடி ஸ்லைடுகள் அடுக்கிய அட்டைத் தட்டுகள். நான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி, கூச்சமில்லாமல் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். பழைய ரப்பர் வாசனைதான் வந்தது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாவம், முப்பது வருடத்துக்கும் முந்தைய ஆட்டுக்குடல் நாற்றத்தைத் தேடி ஒரு கிழவன் வந்திருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

என் தொழிலை ஒரு வரியில் சொல்லி யாருக்கும் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. நரம்பு ஆராய்ச்சி என்றால் சொந்தக்காரர்கள் உடனே வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டுவார்கள். அந்த நரம்பு இல்லை, குடலுக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் இருக்கிற நரம்பு என்றால், அங்கே எதற்கு நரம்பு என்பார்கள். யாருடைய குடல் என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நாங்கள் முட்டைகூட வீட்டுக்குள் வராத சைவக் குடும்பம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், மாப்பிள்ளை வாரத்துக்கு ஒரு தடவை ஆட்டுக்குடல் வாங்குகிறார் என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட, காபி வருவதற்கு முன்பே நாங்கள் எழுந்து வர வேண்டியதாயிற்று.

என் பேராசிரியருக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. கருவில் முதலில் ஒரே ஒரு குழாய்தான் இருக்கிறது, அதிலிருந்து கிளைத்துப் பிரிந்ததுதான் மூச்சுக்குழாயும் நுரையீரலும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவார். குடலுக்குத் தனி நரம்பு வலை உண்டு, மூளையைக் கேட்காமல் அதுவாகவே வேலை பார்க்கும். "எங்க வீட்டு அம்மா மாதிரின்னு வச்சுக்கங்க" என்று ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே நகைச்சுவையைச் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு வருடமும் சிரிப்போம்.

வேலை இதுதான். ஒரு விரல் நீளக் குடல் துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குடுவைக்குள் நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். கரைசலுக்குள் காற்று குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும். நூலின் மறுமுனை ஒரு பேனாவில். லேசாக மின்சாரம் கொடுத்தால் குடலுக்குள் இருக்கிற நரம்பு விழித்துக்கொள்ளும், துண்டு சுருங்கும், பேனா ஓடுகிற காகிதத்தில் மலை மலையாக வரையும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காலையில் செத்துப்போன ஆட்டின் துண்டு ஒன்று மத்தியானம் என் முன்னால் நெளிந்துகொண்டிருந்தது. ஆனால் எல்லாம் நாலு மணி நேரம்தான். அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். அதனால் குடல் அப்போதுதான் அறுத்த ஆட்டினுடையதாக இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் பிளாஸ்க். அம்மா பழநிக்கு நடந்து போனபோது சோறு கொண்டுபோக வாங்கியது. லேபுக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லி எடுத்துப் போனேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, "அத இனி வீட்டுக்குள்ள கொண்டாந்துறாதடா" என்றாள். குடல் வாங்குகிற வியாழக்கிழமைகளில் நான் திரும்பி வரும்போது வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். அதற்கு மேல் அதைப்பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை.

பஞ்சவர்ணம் அக்காவை அந்தப் பிளாஸ்க்கோடு போய்த்தான் பார்த்தேன். ஆரப்பாளையத்தில் எங்கள் சந்திலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் ஒரு கறிக்கடை வரிசை இருந்தது. கடைகளுக்குப் பின்னால் குழாயடியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, எல்லாக் கடைக் குடலையும் அக்காதான் கழுவும். முப்பது வயதிருக்கும். கணவர் சந்தை சந்தையாகப் போய் ஆடு பிடிக்கிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். குடலை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு ஒரே இழுப்பில் உருவும்போதே, "இது கடலக்கொடி தின்ன ஆடு" "இது பாவம், ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல" என்று சொல்லிக்கொண்டே போகும். ஒரு முழம் குடலும் ஒரு துண்டு மூச்சுக்குழாயும் வாராவாரம் வேண்டும் என்றேன். "எதுக்கு தம்பி?" என்றது. படிக்கிறதுக்கு என்றேன். குடலில் என்ன படிப்பு என்று அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதல் நாலு வாரம் ஒரு குடல் துண்டும் அசையவில்லை. மூச்சுக்குழாய் நன்றாகச் சுருங்கியது, குடல்தான் நூலில் கட்டிய துணி மாதிரித் தொங்கியது. கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தேன். காற்று சிலிண்டரை மாற்றினேன். கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் அமிலத்தில் போட்டு எடுத்தேன். பேராசிரியர் என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கை ராசின்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. ஐந்தாவது வியாழக்கிழமை தூக்கம் வராமல் அரை மணி முன்னதாகவே போய் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். அடுப்பில் கொதிக்கிற வெந்நீரில் மஞ்சள் பொடியைப் போட்டு, என்னுடைய ஒரு முழத்தை மட்டும் தனியாக அதில் முக்கி எடுத்து, சுண்ணாம்பு தடவி, சுரண்டிச் சுரண்டி வெள்ளை வெளேரென்று ஆக்கிக்கொண்டிருந்தது அக்கா.

"அக்கா, என்ன செய்றீங்க?"

"படிக்கிற பிள்ளைக்கு அழுக்கோடவா குடுக்குறது? மத்த குடலுக்கு ரெண்டு தண்ணி. ஒங்களுக்கு மட்டும் நாலு தண்ணி தம்பி."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெந்நீர் பட்டால் உள்ளே இருக்கிற நரம்பு செத்துவிடும் என்று சொன்னேன். "ஆடே செத்துப்போச்சு, நரம்பு மட்டும் உசுரோட இருக்குமாக்கும்?" என்றது. இருக்கும், நாலு மணி நேரம் இருக்கும் என்றேன். அக்கா சுண்ணாம்புக் கையைக் குழாயில் கழுவிக்கொண்டது. "இம்புட்டு வருசமா உருவுறேன், எனக்குத் தெரியாமப் போச்சே" என்றது. மறுவாரத்திலிருந்து ஐஸ் போட்ட கரைசலில், கழுவாத குடலை, ஆடு அறுத்த அடுத்த நிமிஷமே அதுவே பிளாஸ்க்கில் போட்டு மூடி வைத்துவிடும். கழுவாமல் யாருக்கும் குடல் கொடுத்ததில்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று கொஞ்ச நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. நான் நின்று ஏதாவது பேச ஆரம்பித்தால், "பேச்சு கெடக்கட்டும், உசுரு போயிரும், பஸ்ஸப் பிடிங்க" என்று விரட்டும்.

பஸ்ஸில் அந்தப் பிளாஸ்க்கோடு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். கண்டக்டர் ஒருவர் அதைக் காட்டி, "அண்ணே, நமக்கும் ஒரு வாய் ஊத்துறது" என்பார். நான் மூடியை இன்னும் இறுக்குவேன். மூடி எவ்வளவு இறுக்கினாலும் பக்கத்து இருக்கைக்காரர் பாதி வழியில் எழுந்து போய் நின்றுகொள்வார். அந்த நாட்களில் எனக்கு எப்போதும் இரண்டு பேர் இடம் கிடைத்தது.

இரண்டாவது வருடம் அக்கா மூன்றாவது பிள்ளை உண்டாயிருந்தது. மாதம் நெருங்கும்வரை வயிற்றைத் தாங்கிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருந்தது. பிறகு கணவர் குடல் எடுத்துக் கொடுத்தார். பையன் பிறந்திருக்கிறான், பாண்டி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று அவர்தான் சொன்னார். சொன்ன முகத்தில் சந்தோஷம் இல்லை. நான் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை அல்லாத ஒரு நாளில், அக்கா எங்கள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றது. பெற்ற உடம்பு, முந்தானையைப் போர்த்தியிருந்தது. வீட்டிலிருந்து தனியாகப் பஸ் பிடித்து, ஒவ்வொரு கட்டிடமாகக் கேட்டு வந்திருக்கிறது.

"தம்பி, நீங்க குடல் நரம்புதான படிக்கிறீக?"

"ஆமாக்கா. உள்ள வாங்க."

"எம் பிள்ளைக்கு அது இல்லையாம்."

பிறந்ததிலிருந்து வெளிக்குப் போகவில்லை, வயிறு பானையாக உப்பிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு குடலின் கடைசிப் பகுதியில் நரம்பே இல்லை என்றார்கள், வயிற்றில் ஓட்டை போட்டு வழி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அக்கா ஒரு இழுப்பில் சொல்லி முடித்தது. எனக்கு அந்த நோயின் பெயர் தெரியும். புத்தகத்தில் ஒரு பக்கம் படித்திருந்தேன். நரம்பு அணுக்கள் கருவில் மேலிருந்து கீழாக ஊர்ந்து வரும், சில பிள்ளைகளுக்குக் கடைசி கொஞ்ச தூரம் வந்து சேராமல் நின்றுவிடும், நரம்பு இல்லாத அந்தத் துண்டு அசையாது. எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் முதலாக ஒரு மனுஷிக்கு என் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

அக்காவைக் கூட்டிப் போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். குடல் சுவரிலிருந்து மெல்லிய ஏடாகப் பிரித்தெடுத்து நீலச் சாயம் ஏற்றிய ஸ்லைடு ஒன்று, பிரசவத்துக்கு முன்பு அதுவே கொடுத்த குடலில் செய்தது. ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு அக்கா வெகுநேரம் பார்த்தது.

"கோலம் போட்டாப்ல இருக்கே தம்பி. புள்ளி வச்சு இழுத்தாப்ல."

"அந்தப் புள்ளியெல்லாம் நரம்பு முடிச்சு. கோடெல்லாம் நரம்பு."

"இதா இல்ல எம் பிள்ளைக்கு?"

"கடைசி ஒரு சாண் மட்டுந்தான் இல்லக்கா. அதை வெட்டிட்டு நல்ல குடலை இழுத்து ஒட்டிருவாங்க. சரியாயிரும்."

அக்கா மறுபடி குனிந்து பார்த்தது. "ஆட்டுக்கு இம்புட்டு வச்சிருக்கான் சாமி. இதுல கொஞ்சம் எடுத்து அவனுக்கு வைக்க முடியாதா?" என்றது. நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பைப் பார்த்து அதுவும் வெட்கப்பட்டுச் சிரித்தது. அந்தக் கேள்வியை இன்று உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. அக்கா போன பிறகு அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து, ஓரத்தில் சீட்டு ஒட்டி, "அக்கா பார்த்தது" என்று பென்சிலில் எழுதி வைத்தேன். இந்தச் சாயம் ரொம்ப நாள் நிற்காது, சீக்கிரம் போட்டோ எடுத்துக்கொள் என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

பாண்டி வயிற்றில் ஓட்டையோடு எட்டு மாதம் நன்றாகவே வளர்ந்தான். குழாயடிக்குப் பக்கத்தில் புங்கமரக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டியிருக்கும். குடல் உருவுகிற கை நிற்காமலே, கால் கட்டைவிரலில் கயிறு கட்டி அக்கா தொட்டிலை ஆட்டும். நான் குனிந்து எட்டிப் பார்த்தால் என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுப்பான். வாரத்தில் ஒரு நாள்தான் பார்க்கிறேன், ஆனாலும் என்னை அடையாளம் வைத்திருந்தான். எட்டாம் மாதம் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. நரம்பில்லாத துண்டை எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இறக்கி ஒட்டி, வயிற்று ஓட்டையை மூடினார்கள். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, காய்ச்சல் வந்தாலோ வயிறு உப்பினாலோ உடனே தூக்கி வரச் சொல்லி இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினார்கள். அக்கா கைப்பிள்ளையோடு டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போயிற்று. போகும்போது எங்கள் துறைப் போன் நம்பரை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டது.

இனிமேல் வருவதைத்தான் நான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. குடல் அக்காவின் கணவர் கொடுத்தது. நான் கட்டித் தொங்கவிட்ட துண்டு, அந்த மூன்று வருடத்தில் எதுவும் அசையாத மாதிரி அசைந்தது. பேனா வரைகிற மலைகள் ஒன்று போல ஒன்று, அளவெடுத்தது மாதிரி. இன்னும் இரண்டு மருந்து போட்டுப் பார்க்க வேண்டும், அதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. அப்போது அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, எனக்குப் போன் என்றார். எங்கள் துறைக்கே ஒரு போன்தான், அதுவும் கிளார்க் மேஜையில். ஓடினேன்.

"தம்பி, நாந்தேன், பஞ்சவர்ணம். கல்லுப்பட்டில பூத்ல இருந்து பேசுறேன்."

"சொல்லுங்கக்கா. பாண்டி எப்படி இருக்கான்?"

"நேத்துலருந்து வயித்தால போகுது தம்பி. தண்ணியாப் போகுது, நாத்தம்னா நாத்தம். மேலு சுடுது. வயிறும் உப்புனாப்ல தெரியுது. எங்காத்தா, போகாமக் கெடந்த பிள்ளைக்குப் போனா நல்லதுதானங்குது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. தூக்கிட்டு மதுரைக்கு வந்துறவா?"

நான் என்ன கேட்டேன் என்று நினைக்கிறீர்கள்? "போகுதுல்ல?" என்று கேட்டேன். "போகுதுதான்" என்றது அக்கா. என் மனசு பூரித்துப்போயிற்று. அசைவதுதான் உயிர் என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். அசையாத குடல் அசைந்துவிட்டது, நரம்பு வேலை செய்கிறது. காய்ச்சல், உப்புசம் என்று அது சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"நல்ல விஷயந்தான்கா. குடல் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். புதுசுல்ல, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். உப்பும் சக்கரையும் போட்டுத் தண்ணி குடுங்க. ரெண்டு நாள் பாருங்க. பிள்ளைய பஸ்ல போட்டு அலைக்கழிக்க வேணாம்."

"நீங்க சொன்னாச் சரித்தேன் தம்பி" என்றது. குரலில் பயம் குறைந்திருந்தது.

இரண்டு நிமிஷம்கூட இருக்காது. ஓடி வந்து பார்த்தேன், துண்டு இன்னும் உயிரோடு இருந்தது. இரண்டு மருந்தையும் போட்டு முடித்தேன். என் ஆய்வேட்டின் நாலாவது படம் அந்தக் காகிதம்தான். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான பதிவை நான் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

அடுத்த வியாழன் போனபோது குழாயடியில் யாரும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. ஊரில்தான் இருக்கிறார்கள் போல என்று நான் வேறு கடையில் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் அக்கா கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. புங்கமரத்தில் தொட்டில் இல்லை. நான் பக்கத்தில் போவதற்குள் எழுந்து, என் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கி, ஐஸைத் தட்டிப் போட்டு, குடலையும் மூச்சுக்குழாயையும் வைத்து மூடியது. எல்லாம் வழக்கம்போல, கழுவாமல், பதமாக.

"பாண்டிய கூட்டி வரலியாக்கா?"

"போயிட்டான் தம்பி. நான் ஒங்ககிட்ட பேசுனேன்ல, அதுக்கு மறுநா மத்தியானம். தூக்கிட்டு வரயில திருமங்கலம் தாண்டல."

பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தது.

"உசுரு போயிரும்" என்றது அக்கா. "பஸ்ஸப் பிடிங்க."

நான் பஸ்ஸைப் பிடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. லேபுக்குப் போய்த் துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். அது அசைந்தது. நான் நூலகத்துக்குப் போய் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து, அன்று திருப்பாமல் விட்ட அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலும் உப்புசமும் நாற்றமெடுக்கும் பேதியும் சேர்ந்து வந்தால், குடல் அழற்சி கண்டு விஷம் ஏறுகிறது என்று அர்த்தம், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் நண்பரிடம், யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். "பெரும்பாலும்" என்றார் அவர்.

நீங்கள் நினைக்கலாம், அக்காவிடம் போய்க் காலில் விழுந்திருக்கலாமே என்று. ஒரு தடவை வாயெடுத்தேன். "அக்கா, அன்னைக்குப் போன்ல நான்..." என்று ஆரம்பித்தேன். அக்கா குடலை உருவிக்கொண்டே, நிமிராமல், "விடுங்க தம்பி. ஒங்களுக்குத் தெரிஞ்சதத்தான சொன்னீக" என்றது. அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று நான் எத்தனையோ தடவை நினைவில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஏதோ ஒரு வழி இருந்திருக்கும். அதன் பிறகும் ஒன்றரை வருடம், ஒரு வியாழன் தவறாமல், கழுவாத குடல் எனக்குக் கிடைத்தது.

ஆய்வேடு முடிந்தது. செய்முறைப் பகுதியில், "திசுக்கள் உள்ளூர்க் கறிக்கடையிலிருந்து பெறப்பட்டன" என்று ஒரு வரி எழுதினேன். நன்றியுரையில் பேராசிரியர், துறைத் தலைவர், அப்பா, அம்மா, தட்டச்சு செய்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். அக்காவின் பெயரை எழுதி எழுதி அடித்தேன். நன்றி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. இன்று யோசித்தால் அதுவும் கோழைத்தனம்தான் என்று தோன்றுகிறது.

வேலை கிடைத்த பிறகு நான் குடலைத் தொடவில்லை. நுரையீரல் நரம்புக்கு மாறிக்கொண்டேன். மூச்சுக்குழாய் ஏன் இழுக்கிறது, எந்த நரம்பு அதை இறுக்குகிறது, எது தளர்த்துகிறது என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓட்டினேன். ஓய்வு பெற்ற அன்று பாராட்டிப் பேசிய ஒருவர், குடலிலிருந்து நுரையீரலுக்கு மாறியது சாரின் தொலைநோக்கு என்றார். கை தட்டினார்கள். நான் மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருடங்களில் எத்தனையோ பேர், சார் நீங்கதான் நுரையீரல் படிக்கிறவராச்சே, பிள்ளைக்கு இளைப்பு இருக்கு, என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். டாக்டரிடம் போங்கள் என்ற ஒரே பதிலைத்தான் எல்லோருக்கும் சொன்னேன். திமிர் பிடித்தவர் என்று பெயர். என் சொந்த அம்மா கடைசிக் காலத்தில் மூச்சுக்குத் திணறியபோதும், "நீதான் இதப் படிச்சிருக்கியே, ஏதாவது சொல்லேன்டா" என்று என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கறிக்கடை வரிசை எப்போதோ போய்விட்டது. ஆற்றோரம் ரோடு போட்டபோது எடுத்துவிட்டார்கள். குழாய் இல்லை, கல் இல்லை, புங்கமரம் நின்ற இடத்தில் கார்கள் போகின்றன. அக்கா குடும்பம் எங்கே போயிற்று என்று அப்போதே ஒன்றிரண்டு பேரைக் கேட்டேன். கல்லுப்பட்டிக்கே போய்விட்டார்கள் என்றார் ஒருவர், திருப்பூருக்கு என்றார் இன்னொருவர். கல்லுப்பட்டிக்கு இங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் போதும். கண்டுபிடித்து என்ன சொல்வது என்று தெரியாததால் நான் ஏறவே இல்லை.

போன மாதம் திறந்த பெட்டியின் அடியில் அந்த ஸ்லைடு இருந்தது. சீட்டு பழுப்பேறிவிட்டது, பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அந்த உதவிப் பேராசிரியை வாங்கிப் படித்துவிட்டு, "அக்கா பார்த்ததுன்னு போட்டிருக்கே சார். உங்க அக்காவா?" என்றார். ஆமாம் என்றேன். இடிக்கப் போகிற அறையில் இன்னும் ஒரு மைக்ராஸ்கோப் பாக்கி இருந்தது. அவரே துடைத்து, ஸ்லைடை வைத்து, ஒரு கண்ணை அழகாக மூடிக்கொண்டு குனிந்தார். இப்படியும் அப்படியும் நகர்த்தினார். வெகுநேரம் பார்த்தார்.

"தசை நல்லாத் தெரியுது சார். நரம்புதான் ஒரு இடத்துலகூடக் காணோம்" என்றார். "பிறவியிலேயே நரம்பு இல்லாமப் பிறக்குமே, அந்தக் கேஸா சார் இது?"

நான் குனிந்து பார்த்தேன். நீலம் முழுவதும் வெளிறிப்போய், புள்ளியும் இல்லை, கோடும் இல்லை.

"இல்லம்மா, இருந்துச்சு" என்றேன். "அக்கா பாத்தாங்க."